மனு

இந்த ஞாயிறு என் முறை.
பெண்கள் ஐக்கிய சங்கத்தின் அட்டவணையில்
'தேசத்துக்கும் தலைவர்களுக்கும் – எப்சிபாள்'.
எழுதினவர் யோசித்து எழுதவில்லை.
யோசித்திருந்தால்
நோயாளிகளை எனக்குத் தந்திருப்பார்.

மைக் கொஞ்சம் கரகரத்தது.
ஆண்கள் பக்கம், மூன்றாம் பெஞ்சு, ஜன்னலோரம்
ஓர் ஆள் உட்காரும் இடம் காலி.
அங்கே உட்காருகிறவர்
பதினெட்டு நாளாய்ப் பாளையங்கோட்டைச் சிறையில்.

ஆற்றில் ராத்திரி லாரி இறங்குவதை
மூன்று முறை மனுவாக எழுதி
திங்கள்கிழமை வரிசையில் நின்று கொடுத்தார்.
நாலாவது எழுதுமுன்
அதிகாரியை வேலை செய்யவிடாமல் தடுத்தாராம்.
என் தேவஇரக்கம்
கன்றுக்குட்டியைத் தடுக்கத் தெரியாதவர்.
வாழைக்குள் அது நுழைந்தால்
என்னைத்தான் கூப்பிடுவார்.

குருத்தோலைத் துண்டை அடையாளம் வைத்து
ஜெபப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார் கோவில்குட்டி.
பழைய புத்தகம்.
ராஜாவுக்கான ஜெபத்தின்மேல்
யாரோ மைதாப் பசையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள்,
அந்தத் தாளின்மேல் இன்னொரு தாள்.
கரப்பான் தின்ற மூலைகளில்
போனவர்களெல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள்.
ஒட்டின கை
பிடித்தவரா என்று கேட்டு ஒட்டினதாகத் தெரியவில்லை.

பவுல் இதைச் செய்யச் சொன்னபோது
ரோமாபுரியில் இருந்தவன் நல்லவனா என்று
சனிக்கிழமை ஐயாவிடம் கேட்டேன்.
'இல்லம்மா' என்றார்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல்
காப்பியை ஆறவிட்டார்.

'தலைவர்களை ஆசீர்வதியும்' என்று
பொதுவாய்ச் சொல்லி இறங்கியிருக்கலாம்.
பொதுவுக்கு முகம் கிடையாது,
முகம் இல்லாததை ஆசீர்வதிக்க
யாருக்கும் வலிக்காது.
நான் பெயர் சொன்னேன்.
'ஆண்டவரே, எங்கள் எம்.எல்.ஏ. சொரிமுத்துவை...'

பெயர் சொன்னதும் முகம் வந்துவிட்டது.
முகத்தோடு வலது கண்ணின் புரையும்,
போன தேர்தலில் எங்கள் தெருவில்
செருப்பைக் கழற்றிப்போட்டு
செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்த தொண்டையும்.
இதெல்லாம் வரும் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.

'அவருக்குச் சுகம் தாரும்.
தூக்கத்தை மட்டும் கொஞ்சம் குறையும்.
ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பிவிடும்.
எங்கள் சுவர் அதிருகிற சத்தம்
அவர் கட்டிலையும் அசைக்கட்டும்.
கையெழுத்துப் போடும்போது கை நடுங்கட்டும்.
வியாதியால் வேண்டாம்,
உமக்குப் பயந்து.'

முன்னால் யாரோ இருமினார்கள்.
இன்னொருவர் ஆமென் சொல்ல அவசரப்பட்டார்.
லாரி வைத்திருக்கும் ஆசீர்
ஐந்தாம் பெஞ்சில் கண்ணை மூடியிருந்தார்.
அவர் காணிக்கையாகக் கொடுத்த ஃபேன்
என் தலைக்குமேல் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே நிறுத்தியிருக்கலாம்.
நாக்கு நிற்கவில்லை.
'போன வருஷம் அடுப்படித் தளம் போட்ட மணலுக்கு
நான் ரசீது கேட்கவில்லை, ஆண்டவரே.
விலை குறைவாயிருந்தது.
அதையும் சேர்த்துக் கேளும்.'

ஐந்தாம் பெஞ்சில் கண் திறந்ததோ என்னவோ,
நான் பார்க்கவில்லை.
ஆமென் இரண்டு துண்டாய் வந்தது.
ஐயா அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்,
இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

புதன்கிழமை மனு பார்க்கப் போனேன்.
சிறைக்குப் போய் ஆளைப் பார்ப்பதற்கும்
மனு என்றுதான் பெயர்.
கம்பி வலைக்கு அந்தப்பக்கம்
இன்னும் மெலிந்திருந்தார்.
'ஞாயித்துக்கிழமை யாருக்கு ஜெபிச்ச?'
சொன்னேன்.
தலையைச் சொறிந்துகொண்டு
கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
'இங்க ராத்திரி டூட்டி வார்டர் ஒருத்தர்.
ஆளு முரடுதான், போன வாரம் என்னைத் தள்ளிவிட்டாரு.
மகளுக்குப் பரீட்சையாம், தூங்கவே மாட்டேங்காரு.
அவரையும் சேத்துக்கோ.'

பெயர் கேட்டு
உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.
கே.டி.சி. நகர் தாண்டுமுன்
வியர்வையில் பாதி அழிந்துபோயிற்று.
மிஞ்சின மூன்றெழுத்தை
ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டு வந்தேன்.